டாக்டரின் பென்சில் வரிகளைப் படித்தவர்களுக்கு

டாக்டர் பாதியில் விட்டுப்போன வேலைகளை முடித்துக் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பல் டாக்டர் திடீரென்று போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. அவருடைய கிளினிக்கில் வேலை பார்த்தவர்கள் என்ற முறையில், நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு ஈரம் காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

பல் மருத்துவர் ஒருவர் திடீரென்று போய்விட்டால் துக்கத்தோடு இன்னொரு பாரமும் வந்து சேரும். அது பாதி வேலையில் நிற்கும் வாய்கள். வேர் சிகிச்சைக்குத் திறந்து மருந்து வைத்து மூடிய பற்கள், மேலே மாட்டும் உறையான கேப்புக்காகச் செதுக்கிய பற்கள், மெழுகில் அடுக்கி வாயில் போட்டுப் பார்த்ததோடு நிற்கும் பல்செட், பிரிக்க வேண்டிய தையல். இதில் எதுவும் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காது. தையலை ஒரு வாரத்தில் பிரித்தாக வேண்டும். செதுக்கிய பல்லின் மேல் இருக்கும் தற்காலிகக் கேப் கழன்று விழுந்து, அப்படியே விட்டுவிட்டால் எதிர்ப்பல்லும் பக்கத்துப் பல்லும் மெல்ல நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு லேபிலிருந்து வரும் கேப் உட்காராது.

எல்லாவற்றிலும் எங்களைத் தூங்கவிடாதது, வேர் சிகிச்சையின் நடுவில் பல்லை மூடி வைத்த தற்காலிக அடைப்புதான். அது குறைந்தது 3.5 மில்லிமீட்டர் கனம் இருந்தால்தான் எச்சிலைத் தடுக்கும். அப்படி வைத்தாலும் சில வாரங்களுக்கு மேல் நம்ப முடியாது. மெல்ல மெல்ல ஓரம் தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கும். அதோடு கிருமியும் இறங்கி, சுத்தம் செய்த வேர்க்குழாய் மறுபடி கெடும். பெரும்பாலும் அப்போது வலியும் இருக்காது. நரம்பை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் பல் முன்கூட்டி எதையும் சொல்லாது. ஈறு வீங்கிய பிறகுதான் விஷயம் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அந்த டாக்டரம்மா வந்தார். வெளியூரில் தனக்கென்று கிளினிக் நடத்துகிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மதியத்தோடு அங்கே வேலையை முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். பாதியில் நிற்கும் வேர் சிகிச்சையை இன்னொருவர் கையில் எடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அதில் தப்பும் இல்லை, முன்னால் செய்தவர் எதை எப்படிச் செய்தார் என்று தெரியாதே. இவர் வந்ததும் முதலில் கேட்டது நோயாளிகளின் அட்டைகளைத்தான்.

டாக்டரிடம் சிகிச்சை பெற்ற எல்லோரும் அந்த அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரிந்திருக்காது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் அட்டையில் இப்படி இருந்தது: "36. எம்.பி. 19.5, எம்.எல். 19, டி. 20. கடைசி ஃபைல் 30. கால்சியம் ஹைட்ராக்சைடு. எம்.பி. கூரிலிருந்து அளவு. கூர் 1 மி.மீ. தேய்த்தாயிற்று, அதன் பிறகு எடுத்த அளவு இது." 36 என்பது பல்லின் எண். எம்.பி., எம்.எல்., டி. மூன்றும் வேர்க்குழாய்களின் பெயர்ச் சுருக்கம், பக்கத்தில் இருப்பது மில்லிமீட்டரில் அதன் நீளம். ஃபைல் என்பது குழாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி, 30 அதன் பருமன். கால்சியம் ஹைட்ராக்சைடு உள்ளே வைத்த மருந்து. கூர் என்பது பல்லின் மெல்லும் பக்கத்தில் இருக்கும் முனை. குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகவே அவரைக் கும்பிடலாம். வேர்க்குழாயின் நீளத்தை ஃபைலில் இருக்கும் சிறிய ரப்பர் வளையத்தை வைத்துத்தான் அளப்பார்கள். அந்த வளையம் பல்லின் எந்தக் கூரில் முட்டி நிற்கிறது என்று எழுதாவிட்டால் நீளம் எழுதியும் பயனில்லை. வேறு கூரில் வைத்தால் கணக்கு ஒரு மில்லிமீட்டர் வரை புரண்டுவிடும். குறைந்தால் வேர் நுனிக்கு மேலே அழுக்கு தங்கும். கூடினால் ஃபைல் நுனியைத் தாண்டிக் குத்தி, அதன் வலி நாள் கணக்கில் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்த வேண்டிய வேலை இது. அந்த அரை மில்லிமீட்டரை டாக்டர் ஒரு நாளும் தோராயமாக எழுதியதில்லை.

மேல் கடைவாய்ப் பல் ஒன்றின் அட்டையில், "நான்காவது குழாய் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த முறை மறுபடி தேட வேண்டும்" என்று இருந்தது. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும், கன்னப் பக்கத்து முன் வேருக்குள் இரண்டாவதாக ஒரு குழாய் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அந்தக் குழாயின் வாய் மிகச் சிறியது, மேலே டென்டின் என்ற பல்லின் உள்திசு திட்டாக மூடியிருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எவ்வளவு அழகாக அடைத்தாலும் பல் பிறகு தொல்லை கொடுக்கும். டாக்டரம்மா அந்த வரியைப் படித்துவிட்டு, முன் குழாயின் வாயிலிருந்து அண்ணப் பக்கத்துக் குழாயின் வாய்க்குப் போகும் கோட்டை ஒட்டி மெதுவாகச் சுரண்டிக்கொண்டே போனார். அந்தத் திட்டுக்குக் கீழே குழாய் இருந்தது. டாக்டர் எழுதிய வரிக்குக் கீழேயே, அவர் எழுதும் முறையிலேயே, கூர் எது, நீளம் எவ்வளவு என்று எழுதி வைத்தார்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக அதற்காக இல்லை. அட்டையின் வலது மேல் மூலையில் டாக்டர் பென்சிலில் சில வரிகள் எழுதுவார். அவை சிகிச்சைக் குறிப்புகளில் சேராதவை. "ஊசியைக் கண்ணில் காட்ட வேண்டாம்." "வலது காது கேட்காது, இடப்பக்கம் நின்று பேசவும்." "முழுக்கச் சாய்க்க வேண்டாம், மூச்சு முட்டும்." "இடது கை தூக்கினால் உடனே நிறுத்தவும்." "ஊசி இறங்கும்போது பேச்சுக் கொடுக்காதே, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்." வேறொரு மருத்துவர் இவற்றைப் படிப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையிலும் முதலில் அந்த மூலையைத்தான் படித்தார். படித்துவிட்டுத்தான் நாற்காலியை எவ்வளவு சாய்ப்பது, எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தார்.

எண்ணிக்கொண்டிருப்பவருக்கு ஊசி போட்டதைச் சொல்ல வேண்டும். ஈறைப் பஞ்சால் ஒற்றிக் காயவைத்தார். ஈரத்தின் மேல் தடவினால் மரத்துப்போகும் ஜெல் எச்சிலில் கரைந்து போய்விடும். ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் பொறுத்தார். கன்னத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசி முனையை இறக்கி, ரத்தக்குழாயில் இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டு, 1.8 மில்லிலிட்டர் மருந்தை ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துச் செலுத்தினார். ஊசி குத்துவதைவிட மருந்து வேகமாக இறங்கித் தசையை விரிப்பதுதான் அதிகம் வலிக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த இரண்டு நிமிடமும் டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியில் இருந்தவர் எண்ணி முடித்துக் கண் திறந்ததும், "எதுவரைக்கும் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கொண்டிருந்தவர் அழுதுவிட்டார். டாக்டர் கேட்கும் கேள்வி அது. அதுவும் அந்த மூலையில் பென்சிலில் எழுதியிருந்தது.

அம்மா, பல்லை முடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கலாம் என்று நம்பியிருந்தோம். பல்லுக்குச் சொந்தக்காரரை டாக்டர் எப்படி வைத்துக்கொண்டாரோ அப்படியே வைத்துக்கொள்ள ஒருவர் வருவார் என்று நினைக்கவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

லேப் டெக்னீஷியன் அண்ணனுக்கும் நன்றி. மெழுகில் நின்ற பல்செட்டுகளை வெயிலும் சூடும் படாமல், கடிப்பின் அளவு குலையாமல் காத்து வைத்திருந்தார். மேல் முன்பல் ஒன்றை லேசாகத் திருப்பி வைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய துண்டுச்சீட்டைத் தேடி எடுத்து, அதன்படியே முடித்துக் கொடுத்தார். எல்லாப் பல்லும் ஒரே வரிசையில் நின்றால் பார்த்தவுடன் பல்செட் என்று தெரிந்துவிடும் என்பது டாக்டரின் கட்சி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களைப் பற்றிக் கேட்ட போதெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன பொது மருத்துவர்கள், கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடித்து ஓட வைத்தவர், கருவிகளில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் கதவு ரப்பரை மாற்றிக் கொடுத்தவர், வீடு வீடாகத் தகவல் சொன்ன பிள்ளைகள், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விளையாட்டில் பல் பெயர்ந்து விழுந்தால் என்ன செய்வது என்று டாக்டர் வருடா வருடம் உங்களிடம் வந்து சொன்னதை மறக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே தெரியும் பக்கத்தைப் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது. அழுக்கு இருந்தால் லேசாக அலசலாம், தேய்க்கக்கூடாது. முடிந்தால் அங்கேயே குழியில் திரும்ப வைத்து ஒரு துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே எடுத்து வர வேண்டும். அரை மணிக்குள் வந்தால் நல்லது, ஒரு மணி தாண்டினால் பல் ஒட்டிப் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கவே கூடாது, கீழே வளரும் பல்லைக் கெடுத்துவிடும். இதை நிறுத்திவிடாதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இனி எங்கள் பங்குக்கு ஒன்று செய்யப் போகிறோம். ஒவ்வொரு முறை சிகிச்சை முடிந்ததும் அட்டையின் நகல் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கும், பென்சில் வரிகளோடு சேர்த்து. எந்த ஊருக்குப் போனாலும், எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

இன்னும் தற்காலிக அடைப்போடு இருப்பவர்கள் சிலர் வரவில்லை. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். அடைப்பு விழுந்திருந்தால் வீட்டில் பஞ்சு வைத்து அடைக்காமல், அந்தப் பக்கம் மெல்லாமல், உடனே தகவல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் இருந்தால் எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கடைசி வரை வருவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.