குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சந்தா வசூல், தெருவிளக்கு, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி தகவல் உரிமைச் சட்ட மனுக்களுக்கே போனதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாம் குறுக்குத் தெரு மழைநீர் வடிகால் பாதியில் நின்றது உங்களுக்குத் தெரியும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, "வேலையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று முதல் மனு போட்டோம். விளக்கம் தர இயலாது என்று பதில் வந்தது. எனக்குக் கோபம்தான். சட்டத்தைப் படித்த பிறகே பிழை நம் மனுவில் இருந்தது புரிந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோப்பில் இருப்பதைக் கேட்டு வாங்கலாம். காரணம் கேட்டால் தட்டிக்கழித்துவிடுவார்கள். அடுத்த மனுவில் "ஏன்" என்ற சொல்லே இல்லை. பணி ஆணை, மதிப்பீடு, செய்த வேலையின் அளவை எழுதிவைக்கும் எம்-புக் எனும் அளவுப் புத்தகம், இவற்றின் நகல்களைக் கேட்டோம்.

30 நாள் கழிந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகே நகல்கள் வந்தன. கெடு தாண்டினால் பக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம், வாங்கவும் இல்லை. ஓய்வுபெற்ற ஓவர்சியரான நம் உறுப்பினர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இளைஞர்கள் டேப் பிடித்தார்கள். எழுதியிருந்த நீளம் தரையில் இல்லை. அன்று மாலை தெருவே அங்கே கூடி நின்றது. நகல்களை இணைத்து மேலதிகாரியிடம் புகார் கொடுத்தோம். மீதி வேலை தை மாதம் முடிந்தது. ஐப்பசிக்கு முன்பே முடிந்திருந்தால் கடைசி இரண்டு வீடுகளில் தண்ணீர் புகுந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதியோர் ஓய்வூதியப் பயனாளிகள் பட்டியல் கேட்ட மனு, தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீட்டில் இருக்கிறது. "தனிநபர் தகவல்" என்று மறுத்துவிட்டார்கள். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற வாசகம் முன்பு தகவல் உரிமைச் சட்டத்தில், தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவிலேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் இருப்பதால் அதைக் காட்டியே வாதாடுகிறோம். 1990-களில் ராஜஸ்தான் கிராமத் தொழிலாளர்கள் வேலை செய்தவர்களின் பெயர், கூலி எழுதிய மஸ்டர் ரோலைக் காட்டச் சொல்லிப் போராடியதுதான் இந்தச் சட்டத்துக்கே வழி திறந்தது. பெயர்ப் பட்டியலையே மூடி வைப்பது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

ஞாயிறு காலையில் சங்க அறையில் மனு எழுத உதவுகிறோம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று நகல் கொண்டுவந்தால் கட்டணம் கிடையாது. ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்; மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்