நீ அன்று கேட்ட கேள்வி

பேராவூரணி

அன்பு மகளுக்கு,

பருவநிலை மாற்றத்தை நினைத்துப் பிள்ளைகள் மனசு என்ன பாடுபடுகிறது என்று கேட்க நீ அனுப்பிய ஆய்வுப் படிவத்தைப் படித்து முடித்துவிட்டேன். தமிழ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னாய். ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக. போனில் பேசினால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மட்டும் பார்த்தால் போதாது என்று, சாயங்காலம் என்னிடம் பாடம் கேட்க வரும் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேரிடமும் படிவத்தைக் காட்டினேன். இதை உன் ஆய்வுக் கணக்கில் சேர்க்காதே. மொழி புரிகிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தேன். 'பருவநிலை மாற்றத்தை நினைத்துப் பதற்றம் அடைகிறீர்களா?' என்ற கேள்விக்கு ஒரு பையன் 'இல்லை' என்று டிக் அடித்தான். தூக்கம் கெடுகிறதா என்ற கேள்விக்கும் இல்லை, படிப்பில் கவனம் குறைகிறதா என்ற கேள்விக்கும் இல்லை. சரி என்று வாங்கி வைத்தேன். கிளம்பும்போது சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே சொன்னான்: "சார், கார்த்திகை மாசம் காத்து பலமா அடிச்சா, சர்டிபிகேட்டையெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல சுத்தித் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். பாதி ராத்திரி எழுந்து கை வெச்சுப் பார்ப்பேன்."

கஜா புயல் வந்தபோது அவனுக்குப் பத்து வயது. வீட்டு ஓடு பறந்து, அவன் அக்காவின் மார்க் ஷீட் நனைந்து கூழாகிப் போனது. அவனா பதற்றம் இல்லாதவன்? நீ போட்டிருக்கும் சொல்தான் அவனைத் தொடவில்லை, அம்மாடி. 'பதற்றம்' என்றால் அவனுக்கு ஊரில் தகராறு நடந்து போலீஸ் குவிக்கப்படும்போது பேப்பரில் போடுகிற வார்த்தை. அது தன் நெஞ்சுக்குள் இருப்பதற்கும் பெயர் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. 'காற்று பலமாக அடித்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுப் பார். 'நெஞ்சு திக்திக்கென்று இருக்குமா, வயிற்றைக் கலக்குமா?' என்று கேள். ஆய்வுக்கு இதெல்லாம் கொச்சையாகத் தெரியலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பயம் வயிற்றிலும் நெஞ்சிலும்தான் வருகிறது.

இன்னொரு பெண், 'குற்ற உணர்ச்சி' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தியாவில் ஒரு ஆள் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. அவள் வீட்டில் ஃபேன் ஒன்று, டியூப் லைட் ரெண்டு. அவளிடம் போய்க் குற்ற உணர்ச்சி உண்டா என்று கேட்பதற்கு முன்னால், அவளுக்கு யார் மேலாவது கோபம் இருக்கிறதா என்று கேட்பதுதான் நியாயம். கோபத்துக்கும் கட்டம் வைத்திருக்கிறாய், பார்த்தேன். அதை முன்னால் கொண்டு வா.

நீ அனுப்பிய அந்தப் பத்து நாட்டு ஆய்வையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கரோலைன் ஹிக்மனும் மற்றவர்களும் 2021-ல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியிட்டது. 16 முதல் 25 வயது வரை, நாட்டுக்கு ஆயிரம் பேர் வீதம் 10,000 பேர். இந்தியாவும் அதில் உண்டு. 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுகிறார்கள், 75 சதவீதம் பேர் எதிர்காலம் பயமாக இருக்கிறது என்கிறார்கள், 45 சதவீதத்துக்கும் மேல் அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படுகிறது என்கிறார்கள். அரசாங்கங்கள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற நினைப்பும் அந்தக் கவலையும் சேர்ந்தே இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் முக்கியம்தான். ஆனால் அது இணையத்தில் நடந்த கணக்கெடுப்பு. தலைமாட்டில் சர்டிபிகேட்டை வைத்துப் படுக்கிற பையன் அதில் வந்திருக்க வாய்ப்பே இல்லை. நீ செய்கிற வேலை எதற்கு வேண்டும் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அந்த ஆய்வில் ஒரு எண் என்னை உட்கார வைத்துவிட்டது. இதைப் பற்றி மற்றவர்களிடம் பேசியதாகச் சொன்ன பிள்ளைகளில் 48 சதவீதம் பேர், கேட்டவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, தட்டிக்கழித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தட்டிக்கழித்தவர்களில் நானும் ஒருவன்.

கஜா அடித்த 2018 நவம்பர் 16 காலை உனக்கு ஞாபகம் இருக்கும். விடிந்ததும் நம் தென்னந்தோப்புக்குப் போனோம். 140 மரத்தில் பதினோரு மரம்தான் நின்றது. பாதி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, மீதி நடுவில் திருகி முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் நார் நாராகப் பிய்ந்து, பச்சை வாடை அடித்தது. நீ கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாய். மேற்கு வரப்பு வந்ததும் நின்று, "அப்பா, இனிமே வருஷா வருஷம் இப்படித்தான் வருமா?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் உனக்கெதுக்கு, பரீட்சை வருது, போய்ப் படி" என்றேன். கரண்ட் இல்லை. அதற்கப்புறம் வாரக்கணக்கில் வரவும் இல்லை. எந்த வெளிச்சத்தில் படிக்கச் சொன்னேனோ!

அன்று உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே கேள்விதான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. தோப்பை நம்பி வாங்கிய கடன் இருந்தது, பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் பயந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கேள்வியை நீ அதற்கப்புறம் என்னிடம் கேட்கவே இல்லை. ஏழு வருஷம் கழித்து ஒரு ஆய்வாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் உன் படிவத்தில் ஒரு கேள்வி சேர்: 'இதைப் பற்றி வீட்டில் யாரிடம் பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்?' இதற்கு டிக் அடிக்கக் கட்டம் வேண்டாம். நாலு வரி இடம் விடு.

கிளென் ஆல்பிரெக்ட் என்ற ஆஸ்திரேலியக்காரர் உண்டாக்கிய 'சோலஸ்டால்ஜியா' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டிருந்தாய். ஹன்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால், ஊரை விட்டுப் போகாமலேயே ஊரை இழந்தவர்களைப் பார்த்து அவர் வைத்த பெயர் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன். ஒரு சொல் கிடைக்கவில்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "புயலுக்கப்புறம் கொல்லைக் கதவைத் திறந்தா வெட்டவெளியா இருந்துச்சே. நம்ம வீட்டுலயே விருந்தாளி மாதிரி நின்னேனே, அதுவா?" அதேதான். தென்னங்கன்றைப் 'பிள்ளை' என்று சொல்கிற ஊர் இது. புயலுக்கு அப்புறம் தோப்பு தோப்பாகக் கேட்டது பயிர் நஷ்டத்துக்கான அழுகை மட்டும் இல்லை. கலைச்சொல்லை விட்டுவிடு. அம்மா சொன்னதையே கேள்வியாக வை, பிள்ளைகளுக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று. களப்பணியை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதே. வானம் கறுத்தாலே இங்கே எல்லாருக்கும் பழைய நினைவு வந்துவிடும். அந்த நேரத்தில் கிளறிவிட்டு, படிவத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடக் கூடாது. தை, மாசியில் வா. பேசி முடித்ததும் அந்தப் பிள்ளைகளோடு அரை மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திரு.

2019-ல் நாம் வைத்த தென்னம்பிள்ளைகள் நெட்டை ரகம், காய்க்க, ஆறேழு வருஷம் ஆகும் என்று சொன்னேன் இல்லையா? மேற்கு வரப்பு ஓரம் இருக்கிறதில் இரண்டு போன மாதம் பாளை விட்டன. தையில் வரும்போது அங்கே போகலாம். நீ அன்று கேட்ட கேள்வியை மறுபடி கேள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பயத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா