பிள்ளைத்தடமும் சிவகிரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் கேரளத்துத் துறவி ஸ்ரீ நாராயண குருவைப் பற்றி வந்த கட்டுரை அவர் வாழ்க்கையை 1888-இல் இரண்டாக அறுத்துவிடுகிறது. அதுவரை குகைவாசி, அதன்பின் சமூகத் தொண்டராம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கன்னியாகுமரிப் பக்கத்து மருந்துவாழ்மலைப் பிள்ளைத்தடம் குகையில் அவர் தனியாகத் தவமிருந்தது உண்மைதான். ஆனால் சக துறவி சட்டம்பி சுவாமிகளின் நட்பும், யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவும் இல்லாமல் அந்தத் தவத்தைப் பேச முடியாது. அய்யா தமிழர், குருவும் தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லையே! 1888-இல் அருவிப்புறத்தில் அவர் சிவனைப் பிரதிஷ்டை செய்தபோது நடந்ததைப் பாருங்கள். சிவராத்திரி இரவு, நெய்யாற்றின் சங்கரன்குழியில் மூழ்கி எடுத்த கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. சுற்றிலும் ஜனங்கள் சிவநாமம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் எதைத் தனிமை, எதைத் துணை என்று பிரிப்பது?

துணை வழிதவறியதும் உண்டு. 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன (எஸ்.என்.டி.பி.) யோகம் என்ற சங்கம் பிறந்தது, கவிஞர் குமாரன் ஆசான் செயலாளர். சாதியை ஒழிக்க வந்த சங்கத்துக்குள்ளேயே சாதி அபிமானம் வளர்ந்ததைக் கண்டு, 1916-இல் அதைக் கைவிடுவதாக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பல்புவுக்குக் குரு கடிதம் எழுதினார். மனம் நொந்துதான் எழுதியிருப்பார். ஆனாலும் மலைக்குத் திரும்பிவிடவில்லை. 1928-இல் கூர்க்கஞ்சேரியில் துறவிகளுக்கென்று தனியாக ஒரு சங்கம் அமைத்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் கோட்டயம் நாகம்படத்தில் அவர் அனுமதித்த, வர்க்கலையில் அவர் மடம் இருக்கும் சிவகிரிக்கான தீர்த்தயாத்திரையைக் கட்டுரையாளர் தொடவேயில்லை. தனிமையும் துணையும் ஒன்றாகச் சேர்வது அங்கேதான். முதலில் பத்து நாள் விரதம்: உடல், உணவு, மனம், வாக்கு, செயல் ஆகிய ஐந்திலும் சுத்தம். இதை அவரவர் தனியாகத்தான் காக்க வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து யாத்திரை. உடை மஞ்சள், அதற்காகப் பட்டு வாங்கக் கூடாது, கோடித்துணியும் வேண்டாம். வீட்டிலிருக்கும் வெள்ளை வேட்டியை மஞ்சள் நீரில் முக்கி உடுத்தினால் போதும், அப்புறம் துவைத்து வழக்கம்போல் கட்டிக்கொள்ளலாம். காசு செலவானால் ஏழை பின்தங்கிவிடுவான், கூட்டம் அங்கேயே உடைந்துவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் கல்வி, சுத்தம், பக்தி, சங்கம், விவசாயம், வியாபாரம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்று எட்டு விஷயங்களில் அறிந்தவர்களைப் பேசவைத்துக் கேட்க வேண்டும் என்றார். விரதத்தை ஒரு நாளாகச் சுருக்கிக்கொண்டு வேனில் போய் இறங்கினால் மிஞ்சுவது கூட்டம் மட்டும்தான்.

இந்த விதிகளை டிசம்பர் தொடக்க இதழில் தமிழில் அச்சிடுங்கள். ஜனவரி 1-இல் சிவகிரியில் இருக்க நினைப்பவர், டிசம்பர் 22-ஆம் தேதியே விரதம் தொடங்கினால்தான் பத்து நாள் நிறையும்.

இப்படிக்கு,
வாசகர், பாறசாலை