எழுத்துப் பலகை இல்லாத ஆர்ட்டுரோ ஊய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிட்லரைக் குற்றப்படப் பகடியாக மேடையேற்றினால் அவர் செய்த கொடுமைகள் விளையாட்டாகிவிடும் என்று சென்ற ஞாயிறு இணைப்பின் நாடகக் கட்டுரை கூறியிருந்தது. ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் ‘ஆர்ட்டுரோ ஊய்’ நாடகத்தைப் பலமுறை படித்தவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

1941இல் அமெரிக்க விசாவுக்காக ஃபின்லாந்தில் காத்திருந்த நாட்களில் பிரெக்ட் இதை எழுதினார். ஹிட்லர் இதில் ஊய் என்ற பெயரில் சிகாகோவின் ரவுடித் தலைவன். ஜெர்மனியின் அதிகாரப் போட்டி காலிஃபிளவர் வியாபாரமாகிறது. காய்கறிக் கடைக்காரர்களிடம் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் மாமூல் வசூலிக்கப்படுகிறது. ஹாலிவுட் குற்றப்படங்களின் தொப்பியும் துப்பாக்கியும் இருண்ட கராஜும் அப்படியே மேடைக்கு வருகின்றன. ஆனால் அந்த ரவுடிகள் பேசுவதோ ஷேக்ஸ்பியர் பாணிச் செய்யுள் நடையில். இழிந்த செயலுக்கும் உயர்ந்த சொல்லுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் அங்கதம் பிறக்கிறது.

நடைபயிற்சிக் காட்சியை எண்ணிப் பாருங்கள். வாய்ப்பிழந்த முதிய நடிகர் ஒருவர், முன்பாதம் முதலில் தரையில் படும்படி, கைகளை இடுப்புக்குக் கீழே முன்புறம் சேர்த்து நடக்கவும், மார்பின் குறுக்கே கைகட்டி நிற்கவும் ஊய்க்குக் கற்றுத் தருகிறார். முதலில் சிரிக்கிறோம். பாடம் முடிவதற்குள், செய்திப்படங்களில் நாம் பார்த்துப் பழகிய அதே ஆள் நம் எதிரே நிற்கிறான். சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. தலைவரின் கம்பீரம் காசு கொடுத்துக் கற்ற வித்தை என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்தக் காட்சியும் எனக்கு உணர்த்தியதில்லை. 1995இல் ஹைனர் முல்லர் இந்நாடகத்தைப் பெர்லினில் இயக்கியபோது, நடிகர் மார்ட்டின் வுட்கே ஊயை நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயாகத் தொடங்கினார் என்பதும் இதே வழியில் வந்த துணிவே.

தங்கள் கட்டுரையாளரின் கவலை புதியதன்று. ஜெர்மானிய மெய்யியலாளர் அடோர்னோவும் இதே குறையைச் சொன்னார். பாசிசத்தின் வேர்களை ஒரு காய்கறி வணிகக் கும்பலின் சதியாகச் சுருக்க முடியாது என்ற அவருடைய வாதத்தில் வலு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரெக்ட் குறிவைத்தது வேறொன்றை. இத்தகையவர்கள் பெரிய குற்றவாளிகள் அல்லர், பெரிய குற்றங்களைச் செய்தவர்கள் மட்டுமே என்று அவர் தம் குறிப்புகளில் வேறுபடுத்துகிறார். கொலைகாரர்கள்மீது மக்களுக்கு இருக்கும் அச்சம் கலந்த மரியாதையை உடைப்பதே அவருடைய நோக்கம்.

அண்மையில் நான் பார்த்த ஒரு மேடையேற்றம்தான் என்னை உண்மையில் வருந்தச் செய்தது. காட்சிகளின் முடிவில் வரலாற்று நிகழ்வைத் தெரிவிக்கும் எழுத்துப் பலகைகள் தோன்ற வேண்டும் என்பது மூலத்தின் அமைப்பு: கிடங்குத் தீக்கு எதிரே 1933இன் ஜெர்மன் நாடாளுமன்றத் தீ, கராஜ் கொலைகளுக்கு எதிரே 1934இல் ஹிட்லரின் துணைப்படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் கொல்லப்பட்டது, சிகாகோவை அடுத்த சிசரோ நகரை ஊய் பிடித்ததற்கு எதிரே 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. நேரம் கருதி அக்குழு அவற்றை முழுவதுமாக நீக்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் கராஜ் கொலைகளுக்குக் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது துப்பாக்கிச் சண்டையுள்ள ஒரு நல்ல ரவுடிக் கதை, அவ்வளவுதான்.

கொடுமை விளையாட்டானது அங்கேதான். அதற்குப் பகடியைப் பழிப்பது முறையாகாது. இந்நாடகத்தை எடுக்கும் குழுக்கள் வேறு எதைச் சுருக்கினாலும் பலகைகளை மட்டும் நீக்காதிருக்க வேண்டும் என்ற இவ்வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அவர்களிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.