பிரபல ஊழியர்களும் சபையின் மௌனமும்

மயூர் விகார்,
தில்லி.

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதும், பேத்தியின் ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்ததும் அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே புகைமூட்டம் தொடங்கிவிட்டதால் என் காலை நடை நின்றுபோயிற்று. இவ்விடத்துச் செய்தி அவ்வளவுதான். நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

சேகரக் கன்வென்ஷனுக்கு, அதாவது உங்கள் வட்டாரச் சபைகள் சேர்ந்து நடத்தும் நற்செய்திக் கூட்டத்துக்கு, தொலைக்காட்சியில் பிரசங்கிக்கும் அந்த ஊழியரை அழைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்ததாகவும், அவருடைய கணக்கு வழக்கைப் பற்றி ஒருவர் கேட்டதும் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று சொல்லிக் கேட்டவரை உட்கார வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஊழியரைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. ஆனால் ஒரு நியாயமான கேள்வியை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட முடிந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தில்லியில் இருப்பவன் இதை யோசிக்கும்போது ரவி சகரியாஸின் பெயர் வராமல் இருக்காது. 1946இல் சென்னையில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்தவர். பதினேழு வயதில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் கிடந்தபோது, "நான் பிழைக்கிறபடியினால் நீங்களும் பிழைப்பீர்கள்" என்ற யோவான் சுவிசேஷ வசனமே தம்மை எழுப்பியது என்று உலகமெங்கும் சாட்சி சொன்னவர். 1966இல் கனடாவுக்குப் போய், பிற்பாடு அமெரிக்காவின் அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஊழிய ஸ்தாபனம் நடத்தி, பல்கலைக்கழக மேடைகளில் நாத்திகர்களுக்குப் பதில் சொன்னார். நம்மவர்களுக்கு அதில் இருந்த பெருமை உனக்கும் தெரியும். 2020 மே மாதம் அவர் புற்றுநோயால் இறந்தபோது, நினைவு ஆராதனைக்கு அமெரிக்கத் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் நேரில் வந்து பேசினார்.

மறு ஆண்டு பிப்ரவரியில், அவருடைய ஸ்தாபனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை வெளியாயிற்று. முதுகுவலிச் சிகிச்சை என்ற பெயரில் மசாஜ் செய்ய வந்த பெண்கள் பலரிடம் அவர் பல ஆண்டுகள் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டிருந்தார். அவருடைய கைபேசிகளில் 200க்கும் மேற்பட்ட மசாஜ் தொழிலாளர்களின் தொடர்பு எண்கள் இருந்தன. ஊழியப் பணத்திலிருந்து தனக்கு உதவி செய்துவிட்டுப் பிறகு தன்னைப் பலாத்காரம் செய்ததாக ஒரு பெண் சொன்னாள். அவள் சொன்ன இன்னொன்று எனக்கு மறப்பதில்லை. இதை வெளியே சொல்லி என் பெயர் கெட்டால், இழந்துபோகும் லட்சோபலட்சம் ஆத்துமாக்களுக்கு நீதான் பொறுப்பாளி என்று அவர் அவளை எச்சரித்தாராம்.

இந்த மிரட்டல் எப்படிப் பலித்தது என்று யோசித்துப் பார். ஒரு மனிதனுடைய பெயரில் இத்தனை ஆத்துமாக்களின் இரட்சிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அவளும் நம்பினாள். காரணம், அவளைச் சுற்றியிருந்த விசுவாசிகள் எல்லோரும் அதை நம்பினார்கள். அந்த ஆயுதத்தை அவர் கையில் கொடுத்தது கைதட்டிய கூட்டம்தான். நம்மில் பலர் இப்படிப்பட்ட செய்தி வந்தவுடன் "ஐயோ, எத்தனை பேருடைய விசுவாசம் தடுமாறும்!" என்று கவலைப்படுகிறோம், பாதிக்கப்பட்ட பெண்ணின் நினைவு அதற்குப் பிறகுதான் வருகிறது, சில வேளைகளில் வருவதே இல்லை.

அவர் உயிரோடு இருந்தபோதே ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மேல் புகார் கூறினார். இவரோ, பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பெண்மீதும் கணவர்மீதும் வழக்குத் தொடுத்து, இரு தரப்பும் வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அதை முடித்தார். ஸ்தாபனத்தார் அவரை நம்பினார்கள். 2021இல்தான் அந்தப் பெண்ணிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் புகார் எழுந்த காலத்தை ஒட்டியே, அவர் தம் பெயருக்கு முன் போட்டுக்கொண்ட 'டாக்டர்' பட்டங்கள் எல்லாம் கௌரவப் பட்டங்களே என்பதும் வெளிப்பட்டது. நம்மூர்க் கன்வென்ஷன் சுவரொட்டிகளில் எத்தனை டாக்டர்கள் என்று எண்ணிப் பார். அதற்கும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இது புராட்டஸ்டண்டு மேடைகளின் வியாதி மட்டுமல்ல. மனவளர்ச்சி குன்றியவர்களோடு சேர்ந்து வாழும் 'லார்ஷ்' சமூகங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ழான் வானியே என்ற கத்தோலிக்கரை, வாழும் புனிதர் என்றே சொன்னார்கள். அவர் இறந்த பின், 2023இல் வெளிவந்த ஆய்வறிக்கை குறைந்தது 25 பெண்களை அவர் ஆன்மீக ஆலோசனையின் போர்வையில் பயன்படுத்திக்கொண்டதைக் கூறியது.

உங்கள் கமிட்டியில் எடுத்து வீசப்பட்ட வசனத்துக்கு வருவோம். அது 105ஆம் சங்கீதம். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சத் தொகையினராய், சொந்த நிலமில்லாமல், ஜாதிக்கு ஜாதி அலைந்தபோது, அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டு தேவன் சொன்ன வார்த்தை அது. ராஜாவிடமிருந்து பரதேசியைக் காக்க வந்த வசனத்தை, பரதேசியின் வாயை அடைக்க ராஜாவின் கையில் கொடுத்திருக்கிறோம். அபிஷேகம் பண்ணப்பட்ட தாவீதின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் அவனுடைய பாவத்தைச் சுட்டிச் சொன்னதை இவர்கள் வாசித்ததே இல்லையா? 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரமும் அப்படித்தான். மூப்பருக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்ற 19ஆம் வசனத்தைச் சொல்லிக் காட்டுகிறவர்கள், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்ற 20ஆம் வசனத்துக்குப் போவதில்லை.

சென்ற ஆண்டு இங்கே வாடகை மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடையில் பிரசங்கியாருக்கு மட்டும் வெள்ளை டர்க்கி டவல் விரித்த சோபா. மூப்பர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கூட்டம் முடிந்ததும் வாலிபர்கள் கைகோத்து வளையமாக நின்று அவரைக் காருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வயதான அம்மா ஜெபக் குறிப்பை நீட்டிக்கொண்டு அந்த வளையத்தைத் தாண்டப் பார்த்தார். ஒரு பையன் அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். அந்தப் பை ஏற்கெனவே அப்படிப்பட்ட சீட்டுகளால் புடைத்திருந்தது. அந்தப் பிரசங்கியார் தப்பான மனிதர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி வளையத்துக்குள்ளேயே நடக்கிற ஒருவரிடம் "ஐயா, இது சரியில்லை" என்று எவன் போய்ச் சொல்வான்?

பெயர்பெற்ற ஊழியரை அழைக்கவே கூடாது என்பதல்ல என் கருத்து. அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரகாமும் தோழர்களும் 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கூடி, மற்ற ஊழியர்கள் எங்கெங்கே விழுந்தார்கள் என்று பட்டியல் போட்டுப் பார்த்து, காணிக்கைப் பணம், மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருத்தல், கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லுதல், உள்ளூர்ச் சபைகளைத் தாழ்த்திப் பேசுதல் ஆகியவற்றில் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பணத்திலும் பெண் விஷயத்திலும் அவர்மேல் பழி வரவில்லை. அப்படிப்பட்டவரும் 1972இல் ஜனாதிபதி நிக்சனோடு தனியறையில் யூதர்களை இழித்துப் பேசிய ஒலிநாடா முப்பது ஆண்டுகள் கழித்து வெளியாகி, மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆகவே, வருகிறவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும், காணிக்கையைக் கமிட்டியார் எண்ணிக் கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டட்டும். தனி அறை ஜெபம் வேண்டாம். சுவரொட்டியில் அவருடைய படத்தைவிடச் சபையின் பெயர் பெரிதாக இருக்கட்டும். இவற்றுக்குச் சம்மதிக்காதவர் என்றால், எப்படிப்பட்ட அபிஷேகமானாலும் நமக்கு வேண்டாம். கூட்டம் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

ரவி சகரியாஸ் விவகாரத்துக்குப் பிறகு உன் மகன் ஆராதனைக்கு வருவதில்லை என்று வருந்தி எழுதியிருக்கிறாய். அவனை வற்புறுத்தாதே, "மனுஷனைப் பார்க்காதே, கர்த்தரைப் பார்" என்றும் சொல்லாதே. அந்த மனுஷனுடைய ஒலிநாடாக்களை அவன் கையில் கொடுத்தவர்கள் நாம்தானே என்று திருப்பிக் கேட்பான். சகரியாஸைப் பற்றிய அந்த வழக்கறிஞர்களின் அறிக்கை 12 பக்கம்தான். நீயும் அதை முழுதாக வாசித்துவிட்டு அவனோடு உட்கார்ந்து பேசு.

ஜனவரியில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருவதாக இருக்கிறோம். டிக்கெட் இன்னும் போடவில்லை. கன்வென்ஷன் தேதி முடிவானதும் எழுது, அதைப் பார்த்துக்கொண்டு போடுகிறேன். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

கிறிஸ்துவுக்குள்,
உன் நண்பன்.