வாசிப்பு வட்டம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஜனவரிப் பொதுக்குழுவில், இந்த வருடம் ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு டிசம்பர் வரை விடாமல் படிப்போம் என்று தீர்மானம் போட்டோம். 1981 முதல் 1989 வரை அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகனும் அவர் காலத்து வலதுசாரி அரசியலும் என்று தலைப்பு முடிவானபோது பாதிப் பேருக்கு அதில் விருப்பமில்லை. தேர்தல் வருடம், வீணாகச் சண்டை வரும் என்று பயந்தார்கள். அதனால்தான் 1964 முதல் 1994 வரை மட்டும் பேசுவது, அதற்குப் பிறகு வந்த யாருடைய பெயரையும் எடுப்பதில்லை என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டோம். அந்த எல்லையைக் கடைசி வரை காத்தவர்களுக்கு என் முதல் நன்றி. எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் நாம் என்ன பேசினோம் என்பதை எழுதி வைக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் அறிக்கை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, நூலகத்தின் சிறிய அறையில் 10 கூட்டங்கள் நடந்தன, ஜூலையும் ஆகஸ்டும் விடுமுறை. சராசரியாக 14 பேர் வந்தோம். புதிதாக 5 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

முதல் கூட்டத்தில் 1964 அக்டோபர் 27 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டருக்கு ஆதரவாக ரீகன் தொலைக்காட்சியில் பேசிய அரை மணி நேரப் பேச்சை முழுவதும் போட்டுக் கேட்டோம். அப்போது அவருக்கு 53 வயது, எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை. ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு நான்கு முறை வாக்களித்த மனிதர், 1962-ல்தான் குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர். அந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் கழித்து நடந்த தேர்தலில் கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது ஆறே மாநிலங்கள். அதில் ஐந்து, கறுப்பின மக்களின் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருந்த தென் மாநிலங்கள். இதை அன்று நம் மூத்த உறுப்பினர் ஐயா எழுந்து சொன்னார், சொல்ல வேண்டியதுதான். வரியையும் அரசாங்கத்தின் அளவையும் பற்றி மட்டுமே பேசிவிட்டு இந்த வரலாற்றை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

அப்படித் தோற்ற கட்சிக்கு 16 வருடம் கழித்து 44 மாநிலங்கள் எப்படிக் கிடைத்தன? இதற்கு இரண்டு கூட்டங்கள் செலவிட்டோம். வியட்நாம் போர், வாட்டர்கேட் ஊழல், 1980-ல் 13 சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கம், டெஹ்ரானில் பிணைக்கைதிகளான அமெரிக்கர்கள் என்று நாம் எல்லோரும் அறிந்த காரணங்கள் வந்தன. எனக்கு அதிகம் பிடித்தது நாம் குடியிருக்கும் கலிஃபோர்னியாவில், நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் காரணம். 1978 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியா வாக்காளர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் வீட்டு வரிக்கு எல்லை வைக்கும் 13ஆம் எண் முன்மொழிவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் பொது வரி கிடையாது, விற்காதவரை அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வு பெற்றவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டிய நிலையில் இருந்தார்கள், அந்தக் கோபம் உண்மையானது. ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு நம் உறுப்பினர் கட்டுவதில் ஒரு சின்னப் பங்கைத்தான் 40 வருடமாகக் குடியிருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டுகிறார். இரண்டு ரசீதுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். வரிக் கலகம் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணால் பார்க்கிற விஷயமாக ஆனது.

அப்புறம் ஏப்ரல் கூட்டம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம். இந்த வருடம் நான் மறக்காத கூட்டம் இதுதான். 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்த மிகச் சில தொழிற்சங்கங்களில் அவர்களுடையதும் ஒன்று. அவரும் ஒரு காலத்தில் நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர். 1981 ஆகஸ்ட் 3 அன்று ஏறத்தாழ 13,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம், அவர்கள் உறுதிமொழியில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார், பிறகு திரும்பாத 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார். அவர்கள் மறுபடி அந்த வேலைக்கு விண்ணப்பிக்க வந்த தடை 1993-ல் அதிபர் கிளின்டன் காலத்தில்தான் முழுமையாக விலகியது. சொன்னதைச் செய்தார், நாடும் மாஸ்கோவும் அதைக் கவனித்தன என்று ஒரு பக்கம் பேசினார்கள். அது சரிதான். ஆனால் சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதற்காக, மன்னிக்க வழியே இல்லாத தண்டனை தேவைப்பட்டதா? தனியார் நிறுவனங்கள் அதற்குப் பிறகு வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பதிலாகப் புது ஆட்களை எடுக்கக் கூச்சப்படவில்லை. என் கருத்து மாறவில்லை, அவர் அங்கே தவறினார். இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் ஆறு பேர் என்பதையும் நேர்மையாகக் குறித்து வைக்கிறேன்.

மே, ஜூன் கூட்டங்களிலும் விடுமுறைக்குப் பிறகு செப்டம்பரிலும் நாம் ஒரே கேள்வியில்தான் நின்றோம். வரியைக் கூட்டிய ரீகனைக் கட்சி மன்னித்தது, அவருக்குப் பிறகு அதிபராகி வரியைக் கூட்டிய மூத்த புஷ்ஷை ஏன் மன்னிக்கவில்லை?

ரீகன் வரியைக் கூட்டினாரா என்று கேட்டவர்களுக்காகத்தான் சட்டங்களை வரிசையாக எடுத்துப் படித்தோம். 1981 ஆகஸ்டில் தன் பண்ணையில் மூடுபனிக்கு நடுவே உட்கார்ந்து பெரிய வரிக்குறைப்பில் கையெழுத்திட்டார், உச்ச விகிதம் 70-லிருந்து 50 சதவீதமாக இறங்கியது. பற்றாக்குறை எகிறியது, 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். அதே 1982 செப்டம்பரில் அந்தக் குறைப்பின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அவர் கட்சியிலேயே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜாக் கெம்ப் போன்றவர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1983-ல் சோஷியல் செக்யூரிட்டி என்னும் அரசு ஓய்வூதியத் திட்டம் திவாலாகும் நிலையில் இருந்தபோது, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் டிப் ஓ'நீலோடு சேர்ந்து ஊதிய வரி உயர்வை முன்கூட்டியே கொண்டுவந்தார்கள், முழு ஓய்வூதிய வயதையும் படிப்படியாக 67 ஆக்கினார்கள். 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்த நாம் எல்லோரும் 67 வரை காத்திருப்பது அந்த ஒப்பந்தத்தால்தான். 1984-ல் மறுபடி ஒரு வரிச் சட்டம். அதே வருடம் 49 மாநிலங்களில் வெற்றி!

புஷ் கதை வேறு மாதிரி போனது. 1988-ல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் "என் உதடுகளைப் பாருங்கள், புது வரி கிடையாது" என்றார். 1990 ஜூன் 26 அன்று அந்த வாக்கைக் கைவிட்டார். எப்படி? வெள்ளை மாளிகைச் செய்தியாளர் அறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. அவ்வளவுதான். ரீகன் 1982 ஆகஸ்டில் வரி உயர்வு ஏன் தேவை என்று தொலைக்காட்சியில் வந்து மக்களிடம் நேராகப் பேசியதையும் இதையும் ஒரே நாளில் படித்தபோது அறையே அமைதியாகிவிட்டது. புஷ் தொலைக்காட்சிக்கு வந்தது அக்டோபரில், அதற்குள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கிங்ரிச் தலைமையில் அவர் கட்சிக்காரர்களே கிளம்பிவிட்டார்கள், வரியைக் கூட்டிச் செலவைக் குறைக்கும் முதல் ஒப்பந்தம் சபையில் தோற்றது. வளைகுடாப் போருக்குப் பிறகு 89 சதவீதம் பேர் பாராட்டிய அதிபர், 1992 தேர்தலில் 37 சதவீத வாக்கோடு வீட்டுக்குப் போனார்.

பேச்சுத் திறமைதான் வித்தியாசம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. ரீகன் 1964-லிருந்து தன் ஆட்களோடு இருந்தவர், 1976-ல் கான்சாஸ் சிட்டியில் பதவியிலிருந்த அதிபர் ஃபோர்டையே கட்சி வேட்பாளர் இடத்துக்காக எதிர்த்து நின்று 117 பிரதிநிதி வாக்குகளில் தோற்றவர். அவர் விட்டுக்கொடுத்தால், வேறு வழியில்லாமல்தான் விட்டுக்கொடுத்தார் என்று தொண்டர்கள் நம்பினார்கள். புஷ் 1980-ல் ரீகனின் பொருளாதாரத் திட்டத்தைச் சூனியம் என்று கேலி செய்தவர், விட்டுக்கொடுத்தபோது 'இவர் எப்போதும் இப்படித்தான்' என்றார்கள். ஆனால் இதையும் எழுத வேண்டும்: 1990 ஒப்பந்தத்தில் செலவுக்குப் போட்ட கட்டுப்பாடு பத்தாண்டின் கடைசியில் வந்த உபரிக்கு ஒரு காரணமாக இருந்தது. ரீகன் காலத்திலோ நாட்டுக் கடன் ஒரு டிரில்லியனுக்குக் கீழிருந்து 2.6 டிரில்லியனைத் தாண்டியது. நாட்டுக்கு நல்லதைச் செய்து பதவியை இழந்தவருக்கு நம் வட்டத்திலாவது மரியாதை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

நம்மில் பலர் இந்த ஊரில் இருப்பதற்கே புஷ்ஷின் கையெழுத்து ஒரு காரணம். 1990 நவம்பர் 29 அன்று அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் இன்றைய ஹெச்-1பி விசாவை உருவாக்கியது, வருடத்துக்கு 65,000 என்று. வேலை அடிப்படையிலான பச்சை அட்டைகளையும் 1,40,000 ஆக உயர்த்தியது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் 90-களில் கணிப்பொறி வேலைக்கு வந்த நம் உறுப்பினர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை, கிளின்டன் கொண்டுவந்தது என்றே நினைத்திருந்தோம்.

அக்டோபர் கூட்டம் எய்ட்ஸ் பற்றியது. அந்த நோயின் முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூன் 5 அன்று வெளியானது. அதில் சொல்லப்பட்ட ஐந்து இளைஞர்களும் நம் லாஸ் ஏஞ்சலஸில் சிகிச்சை பெற்றவர்கள். அதிபர் ரீகன் அதைப் பற்றி முழு உரை நிகழ்த்தியது 1987 மே 31-ல். அதற்குள் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஆட்சி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது என்று வாதம் வந்தது. நாடே உற்றுக் கேட்கும் குரல் ஒருவருக்கு இருக்கும்போது, அவர் முழுமையாகப் பேசாமல் இருந்த ஆறு வருடத்தைப் பணக் கணக்கால் ஈடுகட்ட முடியாது. செவிலியராக வேலை பார்த்த நம் அக்கா அந்தக் காலத்து வார்டுகளைப் பற்றிப் பேசியதை அவர் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுதவில்லை.

சோவியத் தலைவர் கோர்பச்சேவோடு நடந்த ரெய்க்யவிக் சந்திப்பும் 1987 ஏவுகணை ஒப்பந்தமும் நவம்பர் கூட்டத்தில் வந்தன, அதில் பெரிய கருத்து வேறுபாடில்லை. சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்று சொன்ன அதே மனிதர் கோர்பச்சேவோடு உட்கார்ந்து ஒரு வகை அணு ஏவுகணையையே ஒழித்தார், அப்போதும் சொந்தக் கட்சியின் வலதுசாரிகள் திட்டினார்கள். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்துக்கும் 1994-ல் கிங்ரிச் பிரதிநிதிகள் சபையை 40 வருடத்துக்குப் பிறகு பிடித்ததற்கும் டிசம்பரில் ஒரே கூட்டத்தில் இடம் கொடுத்தது என் திட்டமிடலில் நேர்ந்த குறை. இரண்டுமே அரைகுறையாக நின்றன.

நவம்பர் கடைசியில் 11 பேர் மூன்று வண்டிகளில் சிமி வேலி மலை மேலுள்ள ரீகன் நூலகத்துக்குப் போய் வந்தோம். அதிபர் விமானத்துக்குள் ஏறினோம், பெர்லின் சுவரின் ஒரு துண்டைத் தொட்டோம், மேற்குப் பார்த்த கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். ஏப்ரல் கூட்டத்தில் அவரை விடாமல் எதிர்த்துப் பேசிய ஐயாதான் அங்கே அதிக நேரம் நின்றவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த இரண்டு குடும்பங்களுக்கும் நன்றி, அந்தப் புளியோதரையைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

அடுத்த வருடத்துக்கு இரண்டு தலைப்புகள் முன்மொழியப்பட்டுள்ளன: ஒன்று, ஜான்சனும் 1965 குடியேற்றச் சட்டமும். இன்னொன்று, விட்டுப்போன ஈரான் விவகாரத்தை முழுமையாகப் படிப்பது. பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்வோம். நூலகத்தில் நம் பெயரில் எடுத்த நான்கு ஒலிப்பதிவுகள் இன்னும் திரும்பவில்லை, வைத்திருப்பவர்கள் பொதுக்குழுவுக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
செயலாளர்