இலவம்பஞ்சுத் தலையணையோடு ஒரு கடிதம்

நாமக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

ஜெர்மனியில் புது ரூமுக்கு மாறியதில் இருந்து விடிகாலையில் மூக்கு அடைத்துக்கொள்கிறது, கண் அரிக்கிறது, குளிர் சேரவில்லை போல என்று நீ சொன்னதும் உன் அம்மா மிளகு ரசம், ஆவி என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வீட்டுக்காரம்மா கொடுத்த தலையணையும் போர்வையும் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று போன வாரம்தானே சொன்னாய்? அந்த ஊரில் அதற்குள் வாத்து இறகு அடைப்பார்கள். உனக்கோ கோழியிலும் இறகிலும் அலர்ஜி. ராத்திரியே வாட்ஸப்பில் கேட்டேன். நீயும் ஓரத்தில் தைத்திருந்த சீட்டைப் பார்த்து, ஆமாம் அப்பா, இறகுதான் என்றாய். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மெத்தைத் தூசியாகவும் இருக்கலாம். அங்கே டாக்டரிடம் காட்டிவிடு. ஆனால் அந்தத் தலையணையும் போர்வையும் இனி உன் அறையில் வேண்டாம்.

மீதியை போனில் பேச எனக்கு வராது. தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்தப் பார்சலுக்குள் கடிதமாக வைக்கிறேன்.

நீ மூன்று வயசுக் குழந்தையாக இருந்தபோது, லேயர் பண்ணையில் சூப்பர்வைசர் வேலை முடிந்து டிவிஎஸ் ஃபிப்டியில் நான் வரும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வருவாய். உன்னை முன்னால் நிற்க வைத்து தெருமுனை வரை ஒரு ரவுண்டு போவேன். அப்போது திரும்பி என் காக்கிச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். ஷெட்டில் ஆயிரக்கணக்கான கோழிகளின் இறகுத்தூள், எச்சத்தூசி எல்லாம் அந்தச் சட்டையில்தான் இருந்தது. நீ தும்முவாய், நான் சிரிப்பேன். அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு உன்னைத் தூக்கியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உன் அலர்ஜியைக் கண்டுபிடித்த கோயம்புத்தூர் டாக்டரிடமே இதைக் கேட்டேன். இறகுத்தூசியை நாள்கணக்கில் சுவாசிப்பதால் சிலருக்கு இந்த அலர்ஜி தொடங்குவதுண்டு, ஆனால் அதே வீட்டில், அதே தூசியில் வளர்கிற ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை, யார் மேலும் பழி போடாதீர்கள் என்றார். அவர் சொன்னது புத்திக்குப் புரிகிறது. மனசுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

எத்தனை வருஷம் இந்த அலர்ஜியை 'சூடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்! ஆஃப்பாயில் சாப்பிட்டால் உனக்கு வாய் அரிக்கும், வயிறு புரட்டும். கோழிக்கறி சூடு, பிள்ளைக்கு ஒத்துக்கல, மோர் குடி என்பார் அம்மாயி. பிராய்லர்தான் ஆகாது, நாட்டுக்கோழி கொடுத்துப் பார் என்பார் அப்புச்சி. உனக்குப் பதினாறு வயசில் குலதெய்வம் கோயிலில் நாட்டுக்கோழியை மஞ்சள் தடவிக் கொடுத்து, நீ வெட்ட உட்கார்ந்தாய். பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வரை துவரம்பருப்பு துவரம்பருப்பாகத் தடித்துப் போனது. மஞ்சளைக் குறை சொன்னோம். பக்கத்து டவுனில் காட்டினால், கோழியில் யாருக்காவது அலர்ஜி வருமா என்று ஒரு அரிப்பு மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் கோவையில்தான் காரணம் தெரிந்தது. உன் முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்திவிட்டு, பதினைந்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? கோழி இறகுச் சொட்டு வைத்த இடமும் மஞ்சள் கரு வைத்த இடமும் குளவி கொட்டின மாதிரி எழும்பியது. வெள்ளைக் கரு வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்ததும் டாக்டருக்குப் பிடிபட்டுவிட்டது. சாதாரணமாகக் குழந்தைகளுக்கு வருகிற முட்டை அலர்ஜி வெள்ளைக் கருவில் வருவது, அவர்களில் பெரும்பாலானவர்கள் கோழிக்கறி தாராளமாகச் சாப்பிடுவார்கள். உன்னுடையது வேறு. கோழி ரத்தத்தில் ஓடுகிற அல்புமின் என்ற புரதம், அதேதான் மஞ்சள் கருவிலும் கறியிலும் இறகுத்தூசியிலும் இருக்கிறது. மூக்கு வழியாக முதலில் பழகிய உடம்பு, பிறகு சாப்பாட்டிலும் அதை எதிரியாகப் பார்க்கிறது. நன்றாகக் காய்ச்சினால் அந்தப் புரதம் பெருமளவு உருமாறிவிடும். அதனால்தான் உனக்குக் கேக்கும் முழுக்க வெந்த முட்டையும் ஒத்துக்கொள்கின்றன, ஆஃப்பாயில் ஒத்துக்கொள்வதில்லை. அதைக்கூட அவர் தன் எதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்த்துத்தான் சொன்னார். கறி மட்டும் எந்த உருவத்திலும் வேண்டாம் என்றார். நாட்டுக்கோழியும் கோழிதான், காடையும் வான்கோழியும் அதற்கு நெருங்கின சொந்தம், வாத்தையும் நம்ப வேண்டாம் என்றார்.

அதற்கப்புறம் நான் ஷெட்டை விட்டுத் தீவன மில் பக்கம் மாறிக்கொண்டேன். மோட்டார் ரூமில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா பள்ளிப்பாளையம் சிக்கனைக் காளானில் செய்யக் கற்றுக்கொண்டாள். அதே வரமிளகாய், அதே சின்ன வெங்காயம், அதே தேங்காய்ப் பல்லு. இப்போது எனக்கும் காளானில் செய்ததுதான் பிடித்திருக்கிறது.

சரி, கறி விருந்து விஷயத்துக்கு வருகிறேன். மாமா வீட்டுக் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், அத்தை பாசமாக உன் இலையில் கிரில் சிக்கன் ஒரு துண்டு வைத்தார். வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன், நானும் சொல்லவில்லை. சபையில் அத்தை முகம் வாடிவிடுமே என்று இருவரும் இருந்துவிட்டோம். முதலில் உதடு, அப்புறம் கழுத்து. "அப்பா" என்று நீ கூப்பிட்டபோது குரல் கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரி வந்தது. காரில் ஆஸ்பத்திரி போன அந்த இருபது நிமிஷத்தை நான் எழுதப் போவதில்லை. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிஷத்தில் உன் மூச்சுச் சத்தம் மாறியதை மட்டும் இன்னும் கேட்கிறேன்.

அதனால்தான் நவம்பர் 11 மார்ட்டின் நாள் விருந்து, பெரிய வாத்தைச் சுட்டுப் பரிமாறுவார்கள் என்று நீ சொன்னதில் என் மனசு நின்றுவிட்டது. கூட இருக்கிற பிள்ளைகள் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வா. ஆனால் "சைவம் என்று சொல்லிவிடட்டுமா அப்பா" என்று கேட்டாயே, அது மட்டும் வேண்டாம் கண்ணு. சைவம் என்றால் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பை ஊற்றுவார்கள். அந்தச் சிவப்பு முட்டைக்கோஸைக்கூட வாத்துக் கொழுப்பில் வதக்குவார்கள் என்று நீயே சொன்னாய். அலர்ஜி என்று சொல். மூச்சு நின்றுவிடலாம் என்று சொல். சமைக்கிறவர் யாரோ அவரிடமே முன்கூட்டிச் சொல். உன் சாப்பாட்டை நீயே செய்து கொண்டுபோய், தனிக் கரண்டியில் எடுத்துக்கொள்.

இன்னொன்று. ஐரோப்பாவில் பாக்கெட்டில் தனித்துத் தெரியும்படி போட வேண்டிய அலர்ஜிப் பொருள் மொத்தம் 14. அதில் முட்டை இருக்கிறது, மீன் இருக்கிறது, கோழிக்கறி இல்லை. நம் ஊர்ப் பட்டியலிலும் இல்லை. இங்கேயாவது பச்சைப் புள்ளியைப் பார்த்து எடுத்துவிடுவாய். அங்கே சூப் பொடி, நூடுல்ஸ் மசாலா, சாசேஜ் எதுவானாலும் சின்ன எழுத்து முழுவதையும் படி. 'ஹூன்' என்றால் கோழி, 'கெஃப்லூகல்' என்றால் கோழி, வாத்து போன்ற பறவைக்கறி, 'பூட்டெ' என்றால் வான்கோழி என்று நீ எனக்குப் படித்துக் காட்டிய மூன்று ஜெர்மன் வார்த்தையையும் நான் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

அட்ரினலின் பேனா, அதுதான் நீயே குத்திக்கொள்கிற அந்த ஊசி, இரண்டும் பையிலேயே இருக்கட்டும், ரூம் ஹீட்டர் மேல் வைக்காதே. மூச்சோ குரலோ மாறினால் மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். பேன்ட் மேலேயே தொடையின் வெளிப்பக்கம் குத்து, 112 கூப்பிடு, காலை உயர்த்திப் படு. மூச்சு விட முடியாவிட்டால் மட்டும் உட்கார். எழுந்து நடக்காதே. ஐந்து நிமிஷத்தில் குறையாவிட்டால் இரண்டாவது பேனா. நன்றாகிவிட்டது போல இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். கூட இருக்கிற ஒரு பிள்ளைக்காவது இதைச் செய்து காட்டி வை.

தலையணையில் இருப்பது இலவம்பஞ்சு. அம்மா ஒவ்வொரு விதையாக எடுத்துவிட்டு, தன் பழைய சுங்குடிச் சேலையில் உறை தைத்தாள். இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டோம். பார்சல்காரர் இதற்குப் போய் இவ்வளவு செலவா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அங்கே வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து ஜன்னலோரம் கொஞ்ச நேரம் வை, பஞ்சு உப்பிவிடும். முதல் நாள் தூங்கி எழுந்ததும் மூக்கு எப்படி இருக்கிறது என்று போன் பண்ணு. எந்நேரமானாலும் பரவாயில்லை, நான் எடுப்பேன்.

அப்பா